லோகேஸ்வரி பெயரில் போன டியூப்

கையுறைக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் தாமரைக்கும் லோகேஸ்வரிக்கும் வேலை. மலேசியாவின் கிள்ளானில், மேரு போகிற சாலைப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலை. டாக்டர்கள் மாட்டிக்கொள்கிற மெல்லிய கையுறை அங்கே ஓயாமல் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியிலிருந்தும், கொஞ்சம் எடுத்து, கம்பியில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, இரண்டு நிமிஷம் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் விரல் நுனியில் ஒரு சொட்டு கட்டி நிற்கும். அப்படிச் சொட்டு கட்டுவது அளவுக்கு மேல் போனால் அந்த லாட்டுக்கே சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பச்சைச் சீட்டு.

இருவரும் பதினோரு வருஷமாக ஒரே மேசை. லோகேஸ்வரிக்கு ஐம்பத்து நாலு, தாமரைக்கு நாற்பத்தெட்டு. ஒருத்திக்கு இடுப்பு வலித்தால் இன்னொருத்தி அவளுடைய ட்ரேயையும் சேர்த்துப் பார்த்துவிடுவாள். ஆனால் தாளில் ட்ரேக்காரியின் பெயர்தான் இருக்கும். கை மாத்தி விடுவது என்று அதற்குப் பெயர். அதை நான் பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் ஈரத் தரையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆனால் லாட்டை மட்டும் மாற்ற மாட்டார்கள். ஒரு லாட்டின் கையுறையைப் பார்த்துவிட்டு இன்னொரு லாட்டின் நம்பரில் எழுதினால் வேலை போய்விடும். போகவும் வேண்டும். அதை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவர் இன்னொருவரின் ரத்தத்துக்குள் கை விடப்போகிறார் அல்லவா?

ஒரு வியாழக்கிழமை அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லாரையும் கண்டீனில் உட்காரச் சொன்னார்கள். பேச வந்தவர் தாதி சந்திரகலா. செந்தூல்காரர். குரல் கணீரென்று இருக்கும்.

இனி வருகிற பேச்சு உங்களில் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். இருக்கட்டும். தலையைக் குனிந்துகொண்டே வாசியுங்கள், போதும்.

“கர்ப்பப்பை வாயில வர்ற கேன்சருக்கு ஒரு கிருமிதான் காரணம்,” என்றார் சந்திரகலா. “எச்.பி.வி. அது ஒரே ஆளு இல்ல, எறநூறு வகை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். முக்காவாசி நம்மள ஒண்ணும் பண்ணாது. சிலது கையில கால்ல மரு வர வெக்கும், அவ்வளவுதான். ஒரு பதினாலு வகைதான் கெட்டது. அதுலயும் ரெண்டு ரொம்ப மோசம். பதினாறு, பதினெட்டு. பத்து பேருக்கு இந்தக் கேன்சர் வந்தா ஏழு பேருக்கு இந்த ரெண்டுல ஒண்ணாலதான் வந்திருக்கும்.”

பேக்கிங்கில் இருக்கும் வள்ளியம்மாள் பின்னாலிருந்து கேட்டார். “பதினாறு பதினெட்டா? நாலு நம்பரு லாட்டரிக்கு நல்லா இருக்கே மிஸ்ஸி! எந்தக் கடையில வாங்கலாம்?”

கண்டீன் முழுக்கச் சிரிப்பு.

“வாங்குங்க ஆன்டி, நான் வேணாம்னு சொல்லல. டெஸ்ட்ட எடுத்துட்டுப் போய் வாங்குங்க.”

“இது எப்படி மிஸ்ஸி ஒட்டுது?” என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

“ஆம்பள பொம்பள சேர்றதுலதான். ஆயுசுக்கும் ஒரே ஒருத்தரோட வாழ்ந்தவங்களுக்கும் வரலாம்...”

சங்கு ஊதிவிட்டது. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் சாப்பிட உள்ளே வந்தார்கள். நாற்காலிகள் இழுபட்ட சத்தத்தில் சந்திரகலாவின் மீதிப் பேச்சு பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. லோகேஸ்வரியின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அதில் பஞ்சு சுற்றிய நீளக் குச்சி ஒன்று, மூடி போட்ட சின்ன டியூப் ஒன்று, பெயரும் ஐ.சி. என்கிற அடையாள அட்டை நம்பரும் அச்சடித்த சீட்டு ஒன்று. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குச்சியை உள்ளே விட்டு, மெதுவாகச் சுழற்றி எடுத்து டியூபில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். படுக்க வேண்டியதில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள். வாசலில் லைன் லீடர் கமலநாதன் பெயர்ப் பட்டியலோடு நின்று, டியூபைக் கொடுத்தவர்களுக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

தாமரை தன் வேலையை முடிக்கிற நேரத்தில் பக்கத்துத் தடுப்பிலிருந்து குரல் வந்தது.

“தாமர. முடிச்சிட்டியா?”

“ம். ஒண்ணுமே இல்ல. காது குடையற மாதிரிதான்.”

பிறகு தடுப்புக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக லோகேஸ்வரியின் கை வந்தது. கையில் அவளுடைய குச்சியும் டியூபும்.

“எனக்கும் சேத்து நீயே எடுத்துடு லா.”

“ஏய், பைத்தியமா ஒனக்கு?”

“கத்தாத. ட்ரே மாதிரிதான். கை மாத்தி விடு.”

“இதுவும் ட்ரேயும் ஒண்ணா? ஒடம்புடி இது.”

“தாமர, அவரு போயி ஒம்பது வருஷமாச்சு.” குரல் இன்னும் தணிந்தது. “மிஸ்ஸி சொன்னத கேட்டல்ல, எப்படி ஒட்டுதுன்னு? ஏதாச்சும் நம்பரு வந்துச்சுன்னு வையி, எம் பொண்ணு அனு என்ன நெனைப்பா? லைன்ல இருக்கறவளுங்க வாய் சும்மா இருக்குமா?”

“அப்ப எடுக்காம வெளிய போ.”

“வாசல்ல கமலநாதன் நிக்கிறான். எல்லாரும் எடுக்கறப்ப நான் மட்டும் எடுக்கலன்னா, அதுக்கு வேற ஒரு கத கட்டுவாங்க.”

கை அப்படியே நீண்டிருந்தது. தாமரை வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷப் பழக்கம். அந்தக் கை நீட்டினால் இந்தக் கை வாங்கும்.

மூன்று வாரத்தில் இருவருக்கும் போனில் செய்தி வந்தது. கிருமி இல்லை. அடுத்த சோதனை அஞ்சு வருஷம் கழித்து.

“பாத்தியா? என் ஒடம்பு சுத்தம்,” என்று லோகேஸ்வரி தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாள்.

“அது என் ஒடம்புடி, எருமை,” என்றாள் தாமரை. இருவரும் புரையேறும் வரை சிரித்தார்கள்.

அந்தச் செய்தியை லோகேஸ்வரி மகள் அனுப்பிரியாவிடம் காட்டினாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண் அவள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் லோகேஸ்வரி நாத்தனாரிடம் காட்டினாள், பக்கத்து வீட்டில் காட்டினாள். நாலு பேரிடம் காட்டியபின் அது லோகேஸ்வரிக்கே உண்மையாகிவிட்டது. பெயர் அவள் பெயர், ஐ.சி. நம்பர் அவள் நம்பர். யாருடைய உடம்பிலிருந்து எடுத்தது என்பதை அந்தச் செய்தி சொல்லவில்லை அல்லவா?

ஐந்து மாசம் போனது.

ஒரு நாள் உடை மாற்றுகிற அறையில், லோகேஸ்வரியின் வெளிர்நீலச் சீருடையின் பின்பக்கம் ஒரு கறையைத் தாமரை பார்த்தாள்.

“ஒனக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சுன்னு சொன்ன?”

“சூடுதான். பப்பாளி நெறைய சாப்புட்டேன்.”

“எத்தன நாளா?”

“விட்டு விட்டு வருது. ரெண்டு மாசம் இருக்கும்.”

“ரெண்டு மாசமா பப்பாளி சாப்புடற? டாக்டர்கிட்ட போனியா?”

“போனேனே! வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்ல. படுங்க, பாக்கணும்னாரு. நான் மெசேஜ காட்டினேன். இது நல்லதுதான், இருந்தாலும் பாத்தே ஆகணும்னாரு. அடுத்த தடவ வரேன்னு சொல்லி மாத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன். எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்களே.”

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அன்று முழுக்கத் தாமரைக்கு வேலை ஓடவில்லை. கையுறைகள் தண்ணீரோடு வரிசையாகத் தொங்கின. இந்த லாட்டுக்கு இந்த நம்பர், அந்த லாட்டுக்கு அந்த நம்பர். தான் செய்தது என்ன என்பது அவளுக்கு அந்த மேசையில் நின்றபோதுதான் விளங்கியது. நல்ல லாட்டின் கையுறையைப் பார்த்துவிட்டு, பார்க்காத லாட்டின் மேல் பச்சைச் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாள். அதுவும் தோழியின் மேல்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

“லோகே, அந்த மெசேஜ் ஒன்னோடது இல்ல.”

“என் பேரு போட்டிருக்கு.”

“சீட்டு ஒன்னோடது. கையுறை என்னோடது.”

லோகேஸ்வரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “இப்ப என்ன பண்ணணும்ங்கற?”

“நீயே போய் எடு. நானும் கூட வரேன்.”

“எதுக்கு? நம்பரு வந்து, நான் தெருவுல தல குனிஞ்சு நடக்கறதுக்கா? ஒனக்கென்ன, வீட்ல புருஷன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. எது வந்தாலும் அவரு மேல போடலாம். நான் யாரு மேல போடறது? செத்தவரு மேலயா?”

“அப்ப நான் போய் மிஸ்ஸிகிட்ட சொல்லிடறேன்.”

லோகேஸ்வரி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். “போ. போய்ச் சொல்லு. அதோட நமக்குள்ள ஒண்ணும் இல்ல. பதினோரு வருஷமும் சரி, நீயும் சரி.”

தாமரை இரண்டு நாள் யோசித்தாள். சொன்னால் லோகேஸ்வரி போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விடுவாள், அது வேறு மாதிரிப் போவது. சனிக்கிழமை கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சந்திரகலா முழுவதையும் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

“ரெண்டு டியூப்பும் நீங்கதான் எடுத்தீங்க?”

“ஆமா மிஸ்ஸி.”

“இந்த மாதிரி எத்தன பேரு பண்ணீங்க?”

“நாங்க ரெண்டு பேருதான்.”

“எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரு,” என்று சந்திரகலா பெருமூச்சு விட்டார். “ஏன் அப்படிப் பண்ணாங்க?”

தாமரை காரணத்தைச் சொன்னாள். ஒன்பது வருஷம் என்று சொல்லும்போது, தன்னைப் பற்றிச் சொல்வதுபோல் அவளுக்கே நாக்குக் கூசியது.

“அத சொல்றதுக்குள்ளதான் அன்னிக்குச் சங்கு ஊதிட்டாங்க,” என்றார் சந்திரகலா. “இங்க பாருங்க அக்கா. இந்தக் கிருமி நெறைய பேருக்கு வரும், ரெண்டு வருஷத்துல தானாப் போயிடும். சில பேருக்குப் போகாது. சத்தமில்லாம உள்ள உக்காந்திருக்கும். பத்து வருஷம், இருவது வருஷம்கூட. அவங்க கல்யாணம் ஆன புதுசுல வந்ததா இருக்கலாம். அவரு உயிரோட இருந்தப்ப வந்ததா இருக்கலாம். எந்த வகைன்னுதான் டெஸ்ட் சொல்லும். யாருகிட்டேருந்து, எப்பன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நானும் கேக்க மாட்டேன்.”

“அப்ப திரும்ப டெஸ்ட் எடுத்தா போதுமா?”

“இல்ல. நின்னு போனவங்களுக்கு ரத்தம் வருதுன்னா டெஸ்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் கண்ணால பாக்கணும். திங்கக்கெழமையே.” பதிவேட்டில் லோகேஸ்வரியின் பெயரைத் தேடி, முடிவின் மேல் ‘செல்லாது’ என்று குறித்தார். “நான் கூப்புடறேன். ஒங்க பேர சொல்லட்டுமா?”

“சொல்லுங்க மிஸ்ஸி. சொல்லலன்னாலும் அவளுக்குத் தெரியும். வேற யாரு எடுத்தா?”

கிளினிக்கிலிருந்து வந்த அழைப்பை லோகேஸ்வரி மூன்று தடவை வெட்டினாள். நாலாவது தடவை அவள் குளிக்கப் போயிருந்தபோது அனுப்பிரியா எடுத்தாள். அம்மா வந்து பேசட்டும், ஆனால் திங்கட்கிழமை கட்டாயம் அழைத்து வாருங்கள் என்று மட்டும்தான் சந்திரகலா சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

தலையில் துண்டோடு வெளியே வந்த லோகேஸ்வரி, மகளின் கையில் போனைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தடுப்பு இடுக்கு, டியூப், கறை, மாத்திரை. கடைசியாக, “உங்கப்பாவத் தவிர யாரும் என்ன...” என்று ஆரம்பித்தாள்.

“அம்மா,” என்றாள் அனுப்பிரியா. “யாரு கேட்டா?”

லோகேஸ்வரி அழுதாள். மகள் கொஞ்ச நேரம் அழ விட்டாள்.

“எனக்கு ஸ்கூல்ல ஃபார்ம் ஒன் படிக்கறப்ப ஊசி போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இதே கிருமிக்குத்தான். பதினாறுக்கும் பதினெட்டுக்கும். நீதான் கையெழுத்துப் போட்டு அனுப்பின.”

“அது அம்மை ஊசி இல்ல?”

“இல்லம்மா.”

“நான் படிக்கவே இல்லையே. ஸ்கூல்ல கேட்டாங்க, போட்டேன்.”

“நல்ல வேள படிக்கல,” என்றாள் மகள். “படிச்சிருந்தா அதையும் வேற யாருக்காச்சும் மாத்தி விட்டிருப்ப.”

அழுதுகொண்டே லோகேஸ்வரி அவளை ஓர் அடி அடித்தாள்.

திங்கட்கிழமை படுத்தாள். பெண் டாக்டர்தான். அவர் பெட்டியிலிருந்து கையுறையை உருவி மாட்டிக்கொண்டபோது, பழக்க தோஷம், லோகேஸ்வரியின் கண் நேராக அவர் விரல் நுனிக்குப் போனது. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த யோசனையிலேயே பாதி சோதனை முடிந்துவிட்டது.

வெளியிலிருந்து பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கேமரா வைத்துப் பார்த்து, உள்பக்கத்திலிருந்து சதை எடுத்தார்கள். புற்றுதான். கர்ப்பப்பை வாயின் உள்வழியில், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக, ஒளிந்திருந்தது. இந்தத் தடவை அவள் உடம்பிலிருந்தே எடுத்த குச்சியும் முடிவைச் சொல்லிவிட்டது. பதினெட்டு.

“பதினெட்டு அப்படித்தான்,” என்றார் அந்த டாக்டர். “பதினாறு பெரும்பாலும் வெளிப்பக்கம் வரும். இது கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரும். நல்ல நேரத்துல வந்தீங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.”

நல்ல நேரம் என்று அவர் சொன்னதை லோகேஸ்வரி வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனாள். இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் கோலாலம்பூரில் நடந்தது. கர்ப்பப்பையையும் சுற்றியிருந்ததையும் எடுத்தார்கள். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டியதில்லை என்றார்கள். மூன்று மாசத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

இவ்வளவு நடந்தும் தாமரையோடு அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தாமரை வந்தபோது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றியவள் மேல் இத்தனை கோபமா என்று நீங்கள் கேட்பீர்கள். காப்பாற்றியவள்தானே அந்த டியூபையும் வாங்கியவள்? வாங்காமல் இருந்திருந்தால் அஞ்சு மாசம் முந்தியே தெரிந்திருக்கும். நீட்டியது தன் கைதான் என்பதும் லோகேஸ்வரிக்குத் தெரியும். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

தாமரை வாரத்துக்கு ஒரு டப்பா ரசமும் கீரையும் அனுப்பிரியாவிடம் கொடுத்தனுப்பினாள். முதல் வாரம் டப்பா கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம், கொஞ்சம் சீனியாவது போட்டுத் தருவோம். தாமரை அந்த வெறும் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் திறந்தபோது உள்ளே நாலு எலுமிச்சம்பழம் உருண்டது.

ஆபரேஷன் முடிந்து நாலு மாசம் கழித்து லோகேஸ்வரி வேலைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கமலநாதன் எங்கிருந்தோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். “உக்காந்தே பாருங்க அக்கா. தண்ணி வாளி தூக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தாமரை லோகேஸ்வரியின் ட்ரேயைத் தன் பக்கம் இழுத்தாள். கையுறைகளைக் கம்பியில் மாட்டித் தண்ணீர் ஊற்றினாள். இருவரும் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷம் ஆனது. எதிலும் சொட்டு கட்டவில்லை. தாமரை தாளை எடுத்து, பழக்கப்படி லோகேஸ்வரியின் பெயரை எழுதப் போனாள்.

“ஒன் பேர எழுது,” என்றாள் லோகேஸ்வரி. ஆறு மாசத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

“ட்ரே ஒன்னோடது.”

“பாத்தது நீ. பாத்தவ பேர எழுது.”

தாமரை தன் பெயரை எழுதினாள்.

“ஏழாந்தேதி செக்கப்,” என்றாள் லோகேஸ்வரி, கையுறைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். “அனுவுக்கு லீவு கெடைக்கல. நீ வா.”

“ஏழாந்தேதி நமக்கு மார்னிங் ஷிஃப்ட்டாச்சே. வள்ளியம்மா ஆன்டிய வேணா ஒன்கூட...”

“நீதான் வரணும். இதையும் கை மாத்தி விடாத லா.”